லோடு போட்டுப் பாரு!

ஒரு பழைய ஹெட்லைட் பல்புக்கு இவ்வளவு புகழ்மாலையா என்று கேட்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்குக் கவலையில்லை. டீசல் காரில் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையென்றால், கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்க இதைவிட நேர்மையான கருவி இன்னும் கடைக்கு வரவில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்க்காமலே சூட்டை அளக்கும் லேசர் துப்பாக்கி வைத்திருக்கிறேன். போனோடு பேசும் புளூடூத் ஸ்கேனரும் உண்டு. இத்தனையும் சேர்ந்து மென்று முழுங்கிய உண்மையை, ஒரு இழை கருகி மெக்கானிக் கடை டப்பாவில் கிடந்த எச்4 பல்பு பளிச்சென்று போட்டு உடைத்தது. அன்றிலிருந்து நான் அதற்கு ரசிகன். ரசிகன் என்பதுகூடக் குறைவு, மன்றம் ஒன்றுதான் வைக்கவில்லை.

என் கார் 1.3 லிட்டர் டீசல். ஃபியட் கம்பெனி 2003-ல் கொண்டுவந்த என்ஜின் அது. இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிக் கார்களின் பானெட்டுக்குள் புகுந்து ஓடியதால், கார்ப் பிரியர்கள் அதை நம்முடைய ‘தேசிய என்ஜின்’ என்றே அழைத்தார்கள். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி கார்களிலிருந்து அது விடைபெற்றது. என்னுடையது யார் பெயர்ப்பலகை மாட்டியது என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விவரம். வயதான எந்தக் காருக்கும் வருவதுதான் அதற்கும் வந்தது.

டீசலில் ஃபேன் கோளாறு ஏன் இவ்வளவு சுவாரசியம் என்றால், டீசல் என்ஜின் அதை மறைத்து வைக்கும். பெட்ரோல் காரில் ஃபேன் செத்தால் டிராஃபிக்கில் சற்று நேரம் நின்றாலே முள் மேலே ஏறி, ஆவி பறந்து, ஊரே வேடிக்கை பார்க்கும். டீசல் அப்படியில்லை. அது எப்போதும் வயிறு நிறையக் காற்றை இழுத்துக்கொள்கிறது. நிற்கும்போது அந்தக் காற்றுக்கு அது எரிக்கும் டீசல் சொட்டுச் சொட்டுத்தான். எரித்ததிலும் பெட்ரோலைவிடக் கூடுதலான பங்கை வேலையாக மாற்றிவிடுகிறது. மிச்சப்படும் சூடு கொஞ்சம்தான். குளிர்ப் பிரதேசங்களில் டீசல் கார் ஹீட்டர் சூடாக நெடுநேரம் ஆகிறது என்று புலம்புவார்கள். திருச்சியில் நமக்கு அந்தப் புலம்பல் இல்லை. அதற்குப் பதிலாக, ஃபேன் செத்து மாதக்கணக்கில் ஆகியும் தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்போம்.

சரி, யார்தான் முதலில் சொல்வார்கள்? ஏ.சி. சொல்லும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல நிற்கிறது ஏ.சி. கண்டென்சர். இரண்டுக்கும் அதே ஒரு ஃபேன்தான். கார் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஃபேனுக்கு அநேகமாக வேலையே கிடையாது. நின்றால்தான் ஃபேன் வேண்டும். என் காரில் நடந்தது அச்சு அசலாக இதுதான். சமயபுரம் பக்கம் பைபாஸில் போகும்போது ஜில்லென்று அடிக்கும் ஏ.சி., பால்பண்ணை சிக்னலில் நின்றதும் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். பச்சை விழுந்து கார் கொஞ்ச தூரம் ஓடியதும் பழையபடி ஜில். கத்திரி வெயிலில் இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிக்னலில் மனிதனுக்கு வரும் தத்துவங்கள்!

ஓடினால் குளிர்ச்சி, நின்றால் வெக்கை. இந்த ஒரு வரியைச் சொன்னாலே ஃபேனைப் பார்க்க வேண்டும். ஆனால் நான் போன ஏ.சி. கடையில் “காஸ் கம்மியா இருக்கு சார்” என்றார்கள். காஸ் கம்மியென்றால் ஓடும்போது மட்டும் எப்படிக் குளிரும் என்று யாரும் கேட்கவில்லை. அடித்தார்கள். அடித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். காற்றில்லாத கண்டென்சருக்குள் காஸ் அதிகமானால் அழுத்தம் எகிறும். 30 பாரை ஒட்டிப் போனதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ‘டக்’கென்று கம்ப்ரசர் விடும் சத்தத்தை டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கேட்டபோதே எனக்கு உள்ளுக்குள் உற்சாகம் பொங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார்கள். புதிர் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது!

முதலில் ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி, போனில் கூலன்ட் வெப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டேன். டாஷ்போர்டு முள்ளை நம்பவே கூடாது என்பதை இந்த வேலை செய்தவர்கள்தான் அறிவார்கள். பல கார்களில் அந்த முள் 80 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100 டிகிரியிலும் நடுவில் நிற்கும். ஓட்டுபவர் பதறாமல் இருக்கட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் அப்படிக் கூச்சப்படாது. 88-ல் தெர்மோஸ்டாட் திறந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகிக் கையைச் சுட்டது. பிறகு 92. 95. ஆர்.பி.எம்மை ஏற்றிப் பிடித்தேன். 98. என் காரில் ஃபேன் மெதுவேகத்தில் கிளம்ப வேண்டிய இடம் அதற்கு முன்பே வந்துபோய்விட்டது. சத்தம் இல்லை. 102, 103. இங்கே முழுவேகத்தில் சீற வேண்டும். அதுவும் இல்லை. முள்ளைப் பார்த்தேன், அமைதியாக நடுவில் நின்றுகொண்டிருந்தது. அணைத்துவிட்டேன்.

(ஒரு வார்த்தை. இந்தச் சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கிற எண்ணம் வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் கூலன்ட் 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் அழுத்தம் போகும், அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும்.)

அடுத்த சோதனை, எனக்கு இந்த உலகத்திலேயே பிடித்த சோதனை. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். செலவு பூஜ்யம், கருவி விரல். அந்தச் சென்சார் சூடாக ஆக ஓம் குறையும் வகை. 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருப்பது 100 டிகிரியில் 200 ஓமுக்கு அருகே இறங்கிவிடும். சாக்கெட்டைக் கழற்றினால் ஓம் முடிவில்லாமல் போகிறது. என்ஜின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈ.சி.யு.வுக்கு, சூடு எவ்வளவு என்றே தெரியாது. தெரியாதபோது அது என்ன செய்யும் தெரியுமா? பாதுகாப்புக்காக ஃபேனை முழுவேகத்தில் ஓட்டச் சொல்லும். அநேக கார்களில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை யோசித்து எழுதிய பொறியாளர் யாரோ, எந்த ஊரோ, நேரில் கண்டால் பிரியாணி வாங்கிக் கொடுப்பேன்.

கழற்றினேன். ஸ்கேனரில் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டியது. திருச்சியில், மே மாதத்தில்! சாவியைப் போட்டபோது குளோ பிளக் விளக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்து அணைந்தது. பாவம், வெளியே பனி பெய்கிறது என்று நினைத்துவிட்டது. கூடவே பி 0118 என்ற எச்சரிக்கைக் குறியீடும் பதிவானது. அதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம். ஃபியூஸ் பெட்டியில் ரிலே மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். ‘டிக்.’ விரல் நுனியில் அந்தத் துடிப்பு தெரிந்தது. ஃபேன் மட்டும் அசையவில்லை.

இந்த ஒரு ‘டிக்’ எத்தனை பேரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுவித்தது என்று பாருங்கள். ஈ.சி.யு. கட்டளையிடுகிறது, சரி. அது ரிலேவுக்குப் போகும் வயர் சரி. ரிலேயின் காயில் சரி. பாதி வண்டி நிரபராதி! ரிலேவைப் பிடுங்கி, அடியில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு கால்களுக்கான துளைகளை ஃபியூஸ் வைத்த ஒரு வயரால் இணைத்துப் பார்த்தேன். ரிலேயின் உள்முனை தேய்ந்திருந்தால் இப்போது ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை. ஆக ரிலேவும் நிரபராதி. மிச்சம் இருப்பது ஃபேனுக்குப் போகும் வயர், எர்த், ஃபேன் மோட்டார்.

இங்கேதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தீர்ப்பு எழுதினார்கள். பெயர் வேண்டாம், நல்ல பையன்கள்தான். ஃபேன் சாக்கெட்டைக் கழற்றினார்கள், வயர்ப் பக்கம் மல்டிமீட்டரை வைத்தார்கள், 12.4 வோல்ட். “கரெண்ட் வருது சார், மோட்டார் போச்சு. ஃபேன் அசெம்பிளி முழுசா மாத்தணும்.” விலையையும் சொன்னார்கள். அந்த விலைக்கு நான் கொல்லிமலையில் ஒரு வாரம் ரூம் போட்டுத் தங்கியிருப்பேன்.

காரைக் கிளப்பிக்கொண்டு பாலக்கரைப் பக்கம் போனேன். அங்கே ஒரு பாய், லாரி, பஸ்ஸுக்கு செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் கட்டுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒயரால் கட்டியது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, டீயை உறிஞ்சி முடிக்கும்வரை பதிலே பேசவில்லை.

“மீட்டரு என்ன காட்டுச்சு?”

“பன்னெண்டே கால், பன்னெண்டரைக்கு நடுவுல பாய்.”

“வோல்ட்டு வரும் தம்பி. ஆம்பியரு வரணும்ல?”

பக்கத்தில் இருந்த தகர டப்பாவைக் கவிழ்த்தார். செத்த பல்புகள். அதில் ஒரு எச்4-ஐ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஹெட்லைட்டின் எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். ஊருக்குள்ளே டிம்மிலேயே ஓட்டுவதால் டிம் இழைதான் முதலில் அறும். பிரைட் இழை முழுசாக இருக்கும்போதே பல்பைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அந்தப் பிரைட் இழையின் கால்களில் ஆளுக்கு ஒரு தடித்த வயரைப் பற்றவைத்து, முனையில் கிளிப் மாட்டி என் கையில் கொடுத்தார். “லோடு போட்டுப் பாரு. மோட்டாரைக் கழட்டுறதப் பத்தி அப்புறம் பேசலாம்.” காசு கேட்டால் வாங்கவில்லை. பல்பு சூடாகும், சீட்டில் வைத்துவிடாதே என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அவர் கடை வாசலிலேயே வைத்துப் பார்த்தோம். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் பல்பு. சாக்கெட்டின் பிளஸ்ஸில் ஒரு கிளிப், எர்த்தில் ஒரு கிளிப். ரிலே ‘டிக்’ என்றது. கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் எரிய வேண்டிய 60 வாட் இழை, ஊதுபத்தி முனைபோல மங்கலாகச் சிவந்து நின்றது.

அடடா! அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்ல! மோட்டார் குற்றவாளியே இல்லை. மோட்டாரே அங்கே இல்லையே! பல்புக்கே போதாத கரெண்ட், மோட்டாரை எப்படிச் சுழற்றும்?

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அதை வைத்த முறையில் அது உண்மை சொல்ல வழியில்லை. நல்ல டிஜிட்டல் மீட்டருக்குள் எதிர்ப்பு 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடும் கரெண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். துருப்பிடித்த இணைப்பு ஒன்றில் 4 ஓம் எதிர்ப்பு இருந்தாலும், அவ்வளவு சின்னக் கரெண்டுக்கு அது ஒரு தடையே கிடையாது. மீட்டர் 12.4 என்று சிரித்துக்கொண்டு காட்டும். ஓம் 1827-ல் வெளியிட்ட விதிதான்: கரெண்ட் ஓடினால்தான் எதிர்ப்பு வோல்ட்டைத் தின்னும். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் கேட்கும். கேட்டவுடன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். மூணு ரூபாய் எல்.இ.டி. வைத்த டெஸ்டரும் இதே காரணத்தால்தான் ஏமாற்றும். அதுவும் கேட்பது கொசுறு கரெண்ட்.

அந்த ஊதுபத்தி வெளிச்சத்தை அணைக்காமலே வைத்துக்கொண்டு மீட்டரை எடுத்தேன். இப்போதுதான் மீட்டருக்கு உண்மையான வேலை. பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ்ஸுக்கும் நடுவே வைத்தேன்: 0.2 வோல்ட். அந்தப் பக்கம் வயர், ஃபியூஸ், ரிலே எல்லாம் தங்கம். பல்பின் இரு முனைகளில்: 3.1. பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே: 9.1. பாயிடம் காட்டினேன். “எர்த்து” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் போகவில்லை. அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். 0.2, 3.1, 9.1. மொத்தம் 12.4. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே! கிர்க்காஃப் என்ற ஜெர்மானியர் 1845-ல், மாணவராக இருந்தபோது, எழுதிய விதி இது. சுற்றில் எங்கெங்கே எவ்வளவு வோல்ட் விழுகிறதோ அதையெல்லாம் கூட்டினால் மூலத்தின் வோல்ட் வந்தாக வேண்டும். கல்லூரியில் இந்த விதிக்கு மார்க் வாங்கியிருக்கிறேன், அழகு தெரியவில்லை. பாலக்கரையில், கிரீஸ் வாசனைக்கு நடுவே, பைசா குறையாமல் கணக்கு ஒத்துப்போனபோது மயிர்க்கூச்செறிந்தது. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கம். இங்கே 9.1 கொள்ளை போகிறது!

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போனால், இடது ஹெட்லைட்டுக்குக் கீழே, பேட்டரி டிரேக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு போல்ட். மேலே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. லக் பளபளப்பாக இருந்தது, போல்ட் இறுக்கமாக இருந்தது. 10 நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கக் கரும்பச்சைப் பொருக்கு. பாடியின் பெயிண்ட் ஓரத்தில் உப்பு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி, அதற்குள் துரு. பேட்டரியிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்த ஆசிட் ஆவி, மழைத் தண்ணீர், இரண்டும் சேர்ந்து அடியில் புகுந்து குடும்பம் நடத்தியிருக்கின்றன. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன், பாடியில் வெள்ளி நிறத் தகரம் தெரியும்வரை. லக்கின் அடியிலும் செம்பு தெரியும்வரை. மாட்டி இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். ஒரு வெங்காயப் பக்கோடா ஆறுகிற நேரத்து வேலை.

பல்பு வெடித்துவிடுமோ என்று பயப்படும்படி வெள்ளையாக எரிந்தது. மோட்டாரை மாட்டினேன். ‘வ்வ்ரூம்’ என்று கிளம்பிய அந்தக் காற்றில் முன்னால் நின்றிருந்த பையனின் கையிலிருந்த ரசீது பறந்து போய் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அதுவே இன்னொரு சோதனை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். கிரில்லில் பேப்பர் ஒட்டினால் திசை சரி. மோட்டாரைக் கழற்றிக் கட்டிய இடத்தில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சத்தம் பிரமாதமாக இருக்கும், எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி என்ஜின் சூடாகும்.

கதை முடிந்தது என்று நினைத்தால், இல்லை. இதனால்தான் ஃபேன் கோளாறுகளை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. சென்சாரை மாட்டிவிட்டு, குறியீட்டை அழித்துவிட்டு, ஏ.சி.யைப் போட்டேன். ஏ.சி. போட்டதுமே ஃபேன் மெதுவேகத்தில் ஓட வேண்டும். நிசப்தம்! முழுவேகம் இருக்கிறது, மெதுவேகம் இல்லை. ஒரு கோளாறுக்குள்ளே இன்னொரு கோளாறு பதுங்கியிருக்கிறது.

மறுபடி பல்பு. என் காரில் ஃபேன் சாக்கெட்டுக்கு மூன்று வயர்: மெதுவேகத்துக்கு ஒரு பிளஸ், முழுவேகத்துக்கு ஒரு பிளஸ், எர்த். மெதுவேக வயரில் கிளிப்பைப் போட்டேன். வெள்ளை வெளிச்சம். வண்டிப் பக்கம் சுத்தம், கோளாறு ஃபேன் அசெம்பிளிக்குள்ளே. உள்ளே இருப்பது மோட்டாரும் ரெசிஸ்டரும்; மோட்டார் முழுவேகத்தில் ஓடுகிறது. இனி யார் மிச்சம்? ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை ஓமில் வைத்தேன். அரை ஓம்கூட இருக்கக் கூடாத இடத்தில் முடிவிலி. அறுந்துவிட்டது.

அந்த ரெசிஸ்டர் இருக்கிறதே, அதுவே தனிக் கவிதை. பேட்டரியின் வோல்ட்டில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொண்டு மோட்டாருக்கு மிச்சத்தைக் கொடுப்பதால்தான் மெதுவேகம் கிடைக்கிறது. விழுங்கிய பங்கு சூடாக மாறும். அந்தச் சூட்டைத் தணிக்க, அதை ஃபேன் சட்டத்திலேயே, ஃபேன் காற்று படும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதாவது, ஃபேனை ஓட்டும் ரெசிஸ்டருக்கு ஃபேனேதான் விசிறிவிடுகிறது! ஃபேன் சிக்கிக்கொண்டு சுற்றாமல் நின்றால் காற்று போய்விடும், ரெசிஸ்டர் கொதிக்கும், வயர் உருகுவதற்குள் அதற்குள்ளிருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்து தன்னைத் தியாகம் செய்துவிடும். ஆகவே ரெசிஸ்டர் போனால் புதிதாக மாட்டிவிட்டுப் போய்விடக் கூடாது, மோட்டார் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றினேன். பாதிச் சுற்றிலேயே சொரசொரப்போடு நின்றது. பாய் மோட்டாரைத் திறந்தார். உள்ளே கார்பன் தூள் மாவாகக் கொட்டிக் கிடந்தது, பிரஷ் பாதி தேய்ந்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்து, புது பிரஷ் போட்டு, புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். பிரஷ் முழுக்கத் தேய்ந்த மோட்டார் என்றால், ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் முதுகில் தட்டினால் சட்டென்று சுற்ற ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர உதவும்.

பிறகு நடந்ததைக் கோத்துப் பார்த்தேன். மோட்டார் முதலில் இறுகியிருக்கிறது. அது ரெசிஸ்டரைக் கொன்றிருக்கிறது. மெதுவேகம் போனது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் சூடு ஏறினால் முழுவேகம் வந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது; டீசல் என்ஜினும் சூடேறாமல் ஒத்துழைத்தது. இடையில் எர்த் அரித்து அரித்து ஒரு நாள் முழுவேகமும் போனபோதுதான் பால்பண்ணை சிக்னலில் நான் வியர்த்தேன். ரெசிஸ்டர் தனியாகவே கடையில் கிடைத்தது. அதுவும் பிரஷும் பாயின் கூலியும் சேர்ந்து, ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு முன்னால் டீக்காசு.

இந்த இடத்தில் ருடால்ஃப் டீசலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனிதர் 1893-ல் தன் என்ஜினைப் பற்றிப் புத்தகம் போட்டபோது, குளிரவைக்கவே தேவைப்படாத என்ஜின் ஒன்றைத்தான் கனவு கண்டார். குளிர்விப்பது என்றால் சூட்டை வீணடிப்பது, அது அவருக்குப் பொறுக்கவில்லை. இரும்பு சம்மதிக்கவில்லை. 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய என்ஜின் 26.2 சதவீதத் திறனைக் காட்டி உலகத்தை அசத்தியபோது அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு விசிறத்தானே நாம் இன்றைக்கும் இந்தப் பாடுபடுகிறோம்!

சரிசெய்த காரைச் சோதிக்க எங்கே போவது? கொல்லிமலைதான். ரூம் போட அல்ல, ஏற! காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியர், இரண்டாவது கியர், டர்போ முழு மூச்சில், வேகமோ நடக்கிற வேகம், எதிர்க்காற்று என்பதே கிடையாது. ஏ.சி. முழுசாக ஓடட்டும் என்றேன். வீட்டார் சந்தேகத்தோடு சம்மதித்தார்கள். டாஷ்போர்டில் போனை நிறுத்தி ஸ்கேனரைத் திறந்து வைத்தேன். ஏ.சி. ஓடுவதால் மெதுவேகம் தொடக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 91, 93, 94, அங்கேயே நின்றது. பாதி மலையில் முன்னால் ஒரு பஸ் திணறி எங்களையும் நிறுத்தியது. 97, 99, 101 என்று ஏறியது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ‘வ்வ்ரூம்.’ முழுவேகம். கண்ணெதிரே 100, 98, 96 என்று இறங்கியது. பின் சீட்டிலிருந்து என் மகள் கைதட்டினாள். மனைவி கேட்டது: “இதுக்கு இவ்ளோ சந்தோஷமா?” ஆமாம், இதற்குத்தான்!

பானெட்டைத் திறந்து இதையெல்லாம் செய்து பார்க்கப்போகிறவர்களிடம் இரண்டொரு கண்டிப்பு. ஃபேன் எந்த நேரமும் கிளம்பும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஓடும். தோளில் துண்டு, துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை எதுவும் வேண்டாம். பல்பு டெஸ்டரை ஃபேன் வயர், ஹெட்லைட், ஹார்ன் போன்ற பெரிய கரெண்ட் ஓடும் இடங்களில் மட்டும் போடுங்கள். ரிலேயின் காயிலை இயக்கும் ஈ.சி.யு. வயரில் போட்டால், அது கேட்கும் 5 ஆம்பியரில் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் புகைந்துவிடும். ஃபேனைச் சரிசெய்யப் போய் கம்ப்யூட்டரை வாங்க வேண்டிவரும். சென்சார் வயர் பக்கமும் தலைவைத்துப் படுக்காதீர்கள். மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குடையது, அதைத் தொடவே வேண்டாம். மோட்டார் இழுக்கும் கரெண்டை அளக்க கிளாம்ப் மீட்டர் வாங்குபவர்கள் டி.சி. அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் மலிவு மீட்டர்கள் பல ஏ.சி. மின்சாரத்தை மட்டுமே அளக்கும். பழைய சுமோ, குவாலிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது; அவற்றில் ஃபேனை என்ஜினே பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது, நடுவில் சிலிகான் எண்ணெய் நிரம்பிய கிளட்ச். அதன் கதை வேறு, அதன் சுகமும் வேறு.

புதிய கார்களிலும் இந்தப் பல்புக்கு வேலை குறைகிறது என்பதை ரசிகனாகவே ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் ரெசிஸ்டர் கிடையாது, இரண்டு வேகமும் கிடையாது. ஈ.சி.யு. துடிப்புத் துடிப்பாக ஒரு சிக்னல் அனுப்ப, ஃபேன் மேல் இருக்கும் ஒரு சின்ன மாட்யூல் அதைப் படித்து, எந்த வேகத்தில் வேண்டுமானாலும் சுழற்றுகிறது. அங்கே தடித்த இரண்டு வயர்களுக்குப் பல்பு போட்டு சப்ளையையும் எர்த்தையும் உறுதிசெய்யலாம்; அந்த மெல்லிய சிக்னல் வயரை மட்டும் அதனால் படிக்க முடியாது. அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். எதிர்வீட்டுக்காரர் அப்படி ஒரு டீசல் கார் வாங்கியிருக்கிறார், போன வாரம் அவர் வாயாலேயே சொன்னார், சிக்னலில் நின்றால் ஏ.சி. கொஞ்சம் வெதுவெதுப்பாகிறதாம். ஆசிலோஸ்கோப் விலையை விசாரித்துவிட்டேன். வீட்டில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் பாயிடம் யோசனை கேட்டிருக்கிறேன்.